லிஸ்ட்ல பேர் காட்டாத நெட்வொர்க்





நம்ம குரூப்ல இருக்கிற தம்பி தங்கைங்க என்கிட்ட தனியா வந்து அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணா, தினமும் விளக்கேத்துறேன், கவசம் படிக்கிறேன், சஷ்டிக்கு விரதமும் இருக்கேன். ஆனா அவர் இருக்கிற மாதிரியே தெரியல. சிக்னலே வரல." இப்படித்தான் கேக்கிறாங்க, சிக்னல்ங்கிற வார்த்தையோடயே.

சிக்னல்தான் எனக்கு சோறு போடுது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் நான்தான் பாத்துக்கிறேன். அங்க யாராவது "சிக்னல் வரல"ன்னு ஓடி வந்தா நான் முதல்ல கேக்கிறது இதுதான்: வரலையா, இல்ல லிஸ்ட்ல பேர் தெரியலையா? ரெண்டும் ஒண்ணு இல்ல. இன்னிக்கு இதைப் பத்திதான் சொல்லப் போறேன். கொஞ்சம் டெக்னிக்கலா போகும், பொறுத்துக்குங்க, பாதில ஸ்கிப் பண்ணிடாதீங்க.

உங்க வீட்டு வைஃபை பெட்டி சும்மா உக்காந்திருக்கிறதா நினைக்காதீங்க. அது ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட பத்து தடவை ஒரு சின்னத் தகவலை நாலாபக்கமும் அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுக்கு பீக்கன்னு பேர், அதாவது கலங்கரை விளக்கு மாதிரி. "நான் இங்க இருக்கேன், என் பேர் இது, இந்த வேகத்துல பேசுவேன், இந்த மாதிரி பூட்டு போட்டிருக்கேன்"னு சொல்லும். நம்ம போன்ல வர்ற லிஸ்ட் இந்தத் தகவலைக் கேட்டுத்தான் உருவாகுது. ஹிட்டன் நெட்வொர்க், அதாவது மறைச்சு வெச்ச நெட்வொர்க்குன்னா என்ன? பெட்டி பேசறதை நிறுத்திடுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. அதே பத்து தடவை, அதே "இருக்கேன் இருக்கேன்". பேர் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியா விட்டுடும்.

அதனால அதுல சேரணும்னா நீங்கதான் முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடணும். துறைமுகத்துல ரேடியோ பேச்சு கேட்டிருந்தா இது சட்டுனு புரியும். கடல்ல கப்பல்களுக்குப் பொதுவான அழைப்பு சேனல் 16. அதை எல்லாக் கப்பலும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டா அந்தப் பேருக்குரிய கப்பல் மட்டும் பதில் குடுக்கும், மத்ததெல்லாம் சும்மா இருக்கும். கம்ப்யூட்டரும் அதே மாதிரி "இந்தப் பேர்ல யாராவது இருக்கீங்களா?"ன்னு காத்துல கேக்குது. பேர் சரியா இருந்தாத்தான் பெட்டி "ஆமா, நான்தான்"னு சொல்லும். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலோ, நடுவுல ஒரு இடைவெளி விட்டுப் போனாலோ பதில் வராது.

சில மாசத்துக்கு முன்னாடி திருவொற்றியூர் குப்பம் பக்கத்துல ஒரு வீட்டுக்குப் போனேன். தெரிஞ்சவங்கதான், பேர் வேண்டாம். அந்த வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டினவர். எண்ணூர் விரைவுச்சாலைல ராத்திரி பூரா வரிசையா நிக்குமே கன்டெய்னர் வண்டிங்க, ஹார்பர் கேட்டுக்குள்ள போறதுக்காக, அதுல ஒரு வண்டி அவருது. ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாம திருத்தணிக்குக் காவடி எடுப்பார். பத்து மாசத்துக்கு முன்னாடி நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உயிர் இருந்தது.

பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவங்கப்பா கண்டிப்பானவர். பையனுக்கு போன் கிடையாது, வீட்டு டெஸ்க்டாப்பில்தான் எல்லாம். அக்காகிட்ட பட்டன் போன். நெட்டை பக்கத்து வீட்டுப் பசங்க உபயோகிச்சிடுறாங்கன்னு அவர் பெட்டியோட பேரை மாத்தி, மறைச்சும் வெச்சுட்டார். கம்ப்யூட்டர்ல அவரே கனெக்ட் பண்ணிக் குடுத்தார், அது பாட்டுக்கு ஓடிச்சு. அவர் போனப்புறம் கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. புது டிஸ்க், புது விண்டோஸ். பழசு எதுவும் ஞாபகம் இல்லாத கம்ப்யூட்டர். அவரோட போனுக்கு என்ன பேட்டர்ன்னு யாருக்கும் தெரியல. ரூட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கிற பேரைப் போட்டு பையன் பத்து நாளா முயற்சி பண்ணியிருக்கான். அவர்தான் பேரை மாத்திட்டாரே, அது எப்படி வரும்?

நான் உள்ள போனதும் பழக்கதோஷத்துல "முருகா"ன்னு சொல்லி உக்காந்தேன். பையன் திரும்பிப் பாக்காமலே சொன்னான்: "நெட் வந்தா போதும்ணா. சாமி பத்தி பேசாதீங்க."

சரின்னு வேலையைப் பாத்தேன். விண்டோஸ்ல வைஃபை லிஸ்டைத் திறந்தா கடைசில "ஹிட்டன் நெட்வொர்க்"னு ஒரு வரி வந்தது. சிக்னல் நாலு கோடு ஃபுல்லா நிக்குது. பையன் "இது எங்களுது இல்லணா, பேரே இல்ல"ன்னான். "உங்களுதுதான் தம்பி. மூணு அடி தூரத்துல இருக்கு, அதான் இவ்ளோ ஃபுல்லா காட்டுது"ன்னேன். கிளிக் பண்ணா பேர் கேக்குது. அக்காகிட்ட கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும் தம்பி"ன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குள்ள போயிட்டாங்க. பையன் முன்னாடியே கேட்டிருக்கான், அவனுக்கும் இதே பதில்தான்.

வேற வழி ரீசெட்தான். பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசி விட்டுக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா எல்லாம் பழையபடி ஆயிடும். ஃபைபர் பெட்டியா இருந்தா கம்பெனிக்காரங்க போட்ட செட்டிங்கும் சேர்ந்து போக வாய்ப்பிருக்கு, அப்புறம் ஆள் வரணும். இதை நான் பையனுக்கு விளக்கிக்கிட்டே குண்டூசி கேட்டேன். அக்கா நிலைப்படில வந்து நின்னாங்க.

"அழிஞ்சிடுமா தம்பி? அவர் வெச்ச பேர் போயிடுமா?"

"ஆமாக்கா. புதுசா நாம ஒண்ணு வெச்சுக்கலாம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அந்தப் பேரைச் சொன்னாங்க. மெதுவா, தரையைப் பாத்துக்கிட்டு. பையனுக்கு ஒண்ணும் புரியல. "இது யாரு பேரும்மா?"ன்னான். "என்னைத்தான்டா. கண்ணாலமான புதுசுல அப்பா கூப்புடற பேர்."

அந்தப் பேரை நான் இங்க எழுத மாட்டேன். அது அவங்க வீட்டுப் பேர்.

பேர் கிடைச்சும் உடனே வரல, சொந்தங்களே. தமிழ்ப் பேரை அவர் இங்கிலீஷ்ல எப்படி அடிச்சிருப்பார்? ஒரு ஏவா, ரெண்டு ஏவா? முதல் எழுத்து பெருசா? மூணு விதமா போட்டுப் பாத்தோம், வரல. அக்கா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. பின்னாடி நின்னு ஸ்க்ரீனைப் பாத்துட்டு, "சேத்து எழுதிட்டியே தம்பி, அது ரெண்டு வார்த்தை"ன்னாங்க. நடுவுல ஒரு இடைவெளி விட்டேன். பாஸ்வேர்டு கேட்டுது. அதை அவர் மாத்தல, ஸ்டிக்கர்ல இருந்ததே வேலை செஞ்சது. "கனெக்டட்"னு வந்துச்சு.

பையன் ஸ்க்ரீனைப் பாக்கல. அம்மாவைப் பாத்துக்கிட்டிருந்தான்.

இந்த மாதிரி உங்க வீட்லயும் மாட்டிக்கிட்டா, கனெக்ட் பண்றப்போ தானா சேர்ற டிக்கைப் போட்டுடுங்க. கன்ட்ரோல் பேனல் வழியா கையால சேர்க்கிறதா இருந்தா, பேர் ஒளிபரப்பாகலைன்னாலும் இணைக்கச் சொல்லி ஒரு டிக் இருக்கும், அதை விட்டுடாதீங்க. பூட்டு வகை டபிள்யூ.பி.ஏ. 2-ஆ 3-ஆன்னு பெட்டில இருக்கிறதையே போடணும். பழைய யு.எஸ்.பி. டாங்கிளா இருந்தா 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்காது, 2.4-ல பெட்டி ஓடணும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனா உள்ள நடக்கிறது ஒண்ணு இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு மெய் சிலிர்த்தது. நீங்க பாஸ்வேர்டு அடிச்சதும் அது காத்துல பறந்து பெட்டிக்குப் போகுதுன்னு நினைப்போம். போகவே போகாது. கம்ப்யூட்டர் என்ன பண்ணுதுன்னா, நெட்வொர்க் பேரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து அரைச்சு, அரைச்சதை மறுபடி அரைச்சு, இப்படி 4096 சுத்து சுத்தி ஒரு சாவி செய்யுது. டபிள்யூ.பி.ஏ. 2-ல இது விதி. அந்தப் பக்கம் பெட்டிகிட்டயும் அதே சாவி இருக்கு. அப்புறம் நாலே நாலு செய்தி பரிமாறிக்கிறாங்க, சாவியைக் காட்டாமலே "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்"னு உறுதி பண்ணிக்கிறாங்க. ரகசியம் வெளிய வரவே இல்ல. கவனிங்க, பேரும் சாவிக்குள்ள கலந்திருக்கு. அதே பாஸ்வேர்டு, வேற பேர்னா சாவியே வேற. நாம 108 எண்ணி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவை மொபைலைப் பாக்கிறோம். அந்தச் சின்ன டாங்கிள் மாட்டின பழைய கம்ப்யூட்டர் 4096-ஐ ஒரு தடவையும் தப்பா எண்ணாது!

இப்போ நம்ம அப்பனுக்கு வருவோம். அவருக்கு ஆயிரம் பேர் இருக்கு, அதுல குகன்னு ஒரு பேர். குகைல இருக்கிறவன், நெஞ்சுங்கிற குகைல குடியிருக்கிறவன்னு பெரியவங்க அர்த்தம் சொல்வாங்க. வடமொழில 'குஹ்'ங்கிற வேருக்கு மறைத்தல்னு பொருள். மறைஞ்சிருக்கிறதையே பேரா வெச்சுக்கிட்ட சாமி வேற யாரு இருக்கா? வள்ளிகிட்ட வேடனா வந்தார், கிழவனா வந்தார். ஔவைப் பாட்டிகிட்ட மாடு மேய்க்கிற பையனா வந்தார்னு கதை. நேரா மயில் மேல வந்து நின்னா வேலை ரொம்ப சுலபம், ஆனா அவர் அப்படி வர்றதில்ல. சுவாமிமலைல சிவபெருமானுக்கே பிரணவத்தை எப்படிச் சொன்னார்? சபையில நின்னு முழங்கல. அப்பா தோள்ல இருந்து காதுக்குள்ள சொன்னார். தெரிஞ்சவர் வாயில இருந்து கேக்கிறவர் காதுக்கு. லிஸ்ட்ல தேடிக் கிடைக்கிறது இல்ல அது.

உங்களுக்கு "முருகா"ங்கிற பேரை யார் குடுத்தாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஆப் டவுன்லோட் பண்ணி வந்ததா? காச்சல்ல கிடந்தப்போ நெத்தில திருநீறு பூசி ஆயாவோ அம்மாவோ சொன்னதுதானே. அந்தப் பேர் ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்ட இருக்கும். அவங்க சொல்லாம விட்டாலோ, நாம கேக்காம விட்டாலோ, சிக்னல் நாலு கோடு நின்னும் பிரயோஜனம் இல்ல.

இந்த உவமையை அப்படியே கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகாதீங்க, எங்க அறுந்துபோகும்னும் சொல்லிடறேன். பெட்டி ஒரு எழுத்து மாறினாலும் கதவைத் திறக்காது. முருகன் பெட்டி இல்ல. எங்க ஏரியா டிரைவர் அண்ணன்க ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு "முர்கா"ன்னுதான் சொல்வாங்க, நடுவுல ஒரு உகரத்தையே காணோம். அதுக்கும் வண்டி கிளம்புது. (ஆனா ஸ்டேட்டஸ்ல "சரவனபவ"ன்னு ரெண்டு சுழி போடறவங்களே, உங்களுக்கு இந்தச் சலுகை இல்ல. மூணு சுழி ண! படிச்ச பிள்ளைங்கதானே. ஒரு சந்தோஷமான கணக்கும் சொல்றேன். நெட்வொர்க் பேருக்கு அதிகபட்ச இடம் 32 பைட். இந்தப் பேர்ல ஒரு எழுத்துக்கு 3 பைட், ஆறெழுத்துக்கு 18. தமிழ்லயே "சரவணபவ"ன்னு வெச்சாலும் இடம் மிச்சம்தான்.)

இன்னொண்ணு, மறைச்சு வெச்சா பாதுகாப்புன்னு நம்பிடாதீங்க. இது நெட்வொர்க்காரனா சொல்றேன். மறைஞ்ச நெட்வொர்க்கைச் சேமிச்சு வெச்ச லேப்டாப்போ போனோ அதைத் தேடி, போற இடத்துலயெல்லாம் "இந்தப் பேர் இருக்கா, இந்தப் பேர் இருக்கா"ன்னு கூவிக்கிட்டே போகும். ராயபுரம் ஸ்டேஷன்ல நின்னாலும் கூவும், டீக்கடைல நின்னாலும் கூவும். கேக்கத் தெரிஞ்சவன் கேட்டுடுவான். வீட்டுக்குள்ளயும் யாராவது கனெக்ட் ஆகற நேரத்துல அந்தப் பேர் காத்துல வெளிப்படையா போகும். உண்மையான காவல் நல்ல நீளமான பாஸ்வேர்டு, 8 எழுத்துல இருந்து 63 வரைக்கும் வைக்கலாம். பேரை மறைக்கிறது திருடனுக்குத் தடை இல்ல, சும்மா எட்டிப் பாக்கிறவங்களுக்குத்தான். எனக்கு இதுல நம்மாளுங்க சிலர் ஞாபகம் வரும். குருகிட்ட வாங்கின மந்திரத்தை போற இடமெல்லாம் சொல்லிக் காட்டிக்கிட்டு, "நான் இன்னிக்கு இத்தனை ஆயிரம் ஜபம்"னு போட்டோ போடறவங்க. தப்புன்னு சொல்லல. ஆனா அது இணைப்பு இல்ல, தேடுற கூச்சல்.

கூச்சல் போடாம கண்டவர் ஒருத்தர் நம்ம வடசென்னைலயே இருந்தார். வள்ளலார். 1823-ல மருதூர்ல பிறந்தவர், வளர்ந்தது இங்க ஏழுகிணறு வீராசாமி தெருவுல. பள்ளிக்கூடம் போகச் சொன்னா கந்தகோட்டத்துக்குப் போய் நின்னுடுவாராம். அந்தக் கந்தகோட்டத்து முருகன் மேல அவர் பாடினது தெய்வமணிமாலை. வீட்டு மாடில அவருக்கு ஒரு அறை குடுத்தாங்க. படிப்பார்னு நினைச்சுத்தான். அவர் சுவர்ல ஒரு கண்ணாடியை மாட்டி, விளக்கேத்தி, அதையே பாத்து உக்காந்தார். அந்தக் கண்ணாடில தணிகை முருகன் காட்சி குடுத்தார்னு அவர் வரலாறு சொல்லுது.

கண்ணாடின்னா யோசிச்சுப் பாருங்க. அதுல முதல்ல தெரியறது நம்ம மூஞ்சிதான். தினமும் பாக்கிற அதே மூஞ்சி. சின்னப் பிள்ளை எத்தனை நாள் தன் மூஞ்சியையே பாத்து உக்காந்திருக்கும்? நமக்கு ஒரு பக்கம் திறக்க அஞ்சு செகண்ட் ஆனா ஏர்ப்ளேன் மோட் போட்டு எடுக்கிறோம்.

அவர் திருவொற்றியூருக்கு நடந்தே வருவார், தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் பாக்க. ஒரு நாள் திரும்பிப் போக ராத்திரி ஆயிடுச்சு. வீட்டுக் கதவைத் தட்டினா தூங்கிறவங்க எழுந்திரிக்கணுமேன்னு பசியோட திண்ணையிலயே படுத்துட்டார். அண்ணி வந்து எழுப்பி சோறு போட்டாங்க. சாப்பிட்டுத் தூங்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணி கதவைத் திறந்து வந்து, "ஏம்பா சாப்பிடாம படுத்துட்ட?"ன்னு கேட்டாங்களாம். முதல்ல வந்தது வடிவுடையம்மன். அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது எதுன்னா, சாப்பிடும்போது அவருக்கே தெரியல. அண்ணின்னு நினைச்சுத்தான் சாப்பிட்டார். தெரியாததுனால சோறு இல்லைன்னு ஆயிடுச்சா?

இந்தத் திருவொற்றியூர் கோயிலே மறைஞ்சிருக்கிற கோயில்தான். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் பூரா கவசத்துக்குள்ளதான் இருப்பார். நாம பாத்துக் கும்பிடறது கவசத்தை. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசத்தை எடுத்து, புனுகு சாம்பிராணி தைலம் சாத்துவாங்க. அந்த மூணு நாள்ல சன்னதித் தெருவுல நிக்கிற கூட்டத்தைப் பாக்கணும். காசிமேட்டுல ஐஸ் பெட்டி தூக்கறவங்க, மணலில ஷிஃப்ட் முடிச்சு யூனிஃபார்மோட வர்றவங்க, கைக்குழந்தைக்காரங்க. மிச்ச 362 நாளும் அவர் உள்ள இல்லைன்னு அவங்கள்ல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அந்தப் பையன் விஷயத்துக்கு ஒண்ணு சொல்லணும். நெட் வந்தப்புறம் அவன் வாசல் வரைக்கும் வந்து கேட்டான்: "அப்பா வருஷா வருஷம் காவடி எடுத்தாரேண்ணா. அப்புறம் ஏன்?" இத்தனை நேரம் நான் சொன்ன வைஃபை கதை அந்தக் கேள்விக்குப் பதில் இல்ல. பதில் மாதிரி அவன்கிட்ட சொல்லவும் இல்ல. தயவுசெஞ்சு நீங்களும் துக்கத்துல இருக்கிற ஒரு பிள்ளைகிட்ட போய், "சாமி மறைஞ்சிருக்கார்டா"ன்னு பாடம் நடத்தாதீங்க. "எனக்குத் தெரியல தம்பி"ன்னு மட்டும்தான் சொன்னேன். அந்தக் கேள்வி அவனுக்கும் முருகனுக்கும் நடுவுல இருக்கிற கேள்வி. கேக்கட்டும். கோவமா கேக்கட்டும். நக்கீரர்ல இருந்து நம்ம ஊர்க் கிழவி வரைக்கும் இந்த நாட்டுல சாமியைக் கேள்வி கேக்காதவங்க யாரு?

ரீசெட் பட்டனை மட்டும் இப்போதைக்கு அழுத்தாம இருடான்னு சொல்ல நினைச்சேன், சொல்லல. அந்த வேலையை அவங்கம்மா ஏற்கெனவே பண்ணிட்டாங்க.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு நம்ம குரூப்ல இருந்து கிளம்பறவங்க சாயங்காலம் சீக்கிரமே வந்துடுங்க. மெட்ரோல வந்தா பார்க்கிங் தொல்லை இல்ல. எண்ணூர் ரோட்டுல பைக்ல வர்றவங்க டிரெய்லர் பக்கத்துல ஒட்டி ஓட்டாதீங்க, அவங்களுக்கு இடது பக்கம் தெரியாது. அந்தத் தம்பிகிட்டயும் சொல்லியிருக்கேன். வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. வரிசைல எனக்கு முன்னாடி ஒரு ஆள் நிக்கிற இடம் விட்டே நிப்பேன், பின்னாடி இருக்கிறவங்க யாரும் தள்ளாதீங்க.

முருகா சரணம்!